வாசகர் கேள்விகள்: வேண்டாத மீனைக் கடலில் கொட்டத் தடை

வலையில் அகப்பட்ட வேண்டாத மீனை மீண்டும் கடலில் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் கொட்டுவது நின்றபாடில்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பாடுபட்டுப் பிடித்த மீனை எந்த மீனவராவது கடலில் கொட்டுவாரா? நம்பவே முடியவில்லையே?

பதில்: விற்கக் கூடாத மீனும், விற்றால் நட்டம் தரும் மீனும், நல்ல விலை போகும் மீனும் ஒரே வலையில்தான் ஏறுகின்றன. பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலில், கடலடியை ஒட்டி இழுக்கும் அடிமட்ட இழுவை வலையை இழுத்தால் காட், ஹாடாக், வைட்டிங், பிளைஸ் எனப் பல இன மீன்களும் கலந்தே வரும். வலையின் மடியை, அதாவது மீன் சேரும் கடைசிப் பையை, படகின் தளத்துக்கு மேலே தூக்கி அடிமுடிச்சை அவிழ்த்ததும், மீன் முழுவதும் ஒரு தொட்டியில் சரிந்து, அங்கிருந்து நகரும் பட்டையில் வரத் தொடங்கும். பட்டையருகே நிற்கும் பணியாளர்கள் வேண்டியதைப் பொறுக்கிக் கூடைகளில் போடுவார்கள். அவர்கள் கை தொடாத மீன் பட்டையின் முனைவரை சென்று, சரிவு வழியே கடலில் விழும். அதாவது, கொட்டுவதற்கென்று யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எடுக்காமல் விட்டாலே போதும். தடையை அமலாக்குவதில் உள்ள சிரமம் முழுவதும் இந்தப் பட்டையில்தான் தொடங்குகிறது.

இதில் மீனவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. பழைய விதிகளின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட அளவில் கரைக்கு வந்த மீன் மட்டுமே கணக்கிடப்பட்டது. குறைந்தபட்ச நீளத்தை எட்டாத மீனையும், ஒதுக்கீடு தீர்ந்துபோன இனத்தின் மீனையும் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே குற்றமாக இருந்தது. ஆகவே செத்த மீனைக் கடலில் எறிந்தவர் சட்டத்தை மதித்தவர் ஆனார். கரைக்குக் கொண்டுவந்தவர் தண்டனைக்கு ஆளானார். இதனுடன் இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. ஒதுக்கீடு குறைவாக இருக்கும்போது, விலை குறைந்த சிறிய மீனை எறிந்துவிட்டு, அந்த இடத்தைப் பெரிய மீனால் நிரப்புவது லாபகரமானது. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2010 முதல் 2014 வரையான காலத்தில் உலகக் கடல்களில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன் மீன் இவ்வாறு திருப்பி எறியப்பட்டது. அது மொத்தக் கடல்மீன் பிடிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

கேள்வி: புதிய சட்டம் எல்லா மீனுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. பிடிப்பு வரம்பு விதிக்கப்பட்ட இனங்களுக்கும், மத்தியதரைக் கடலில் குறைந்தபட்ச நீளம் விதிக்கப்பட்ட இனங்களுக்கும் மட்டுமே இது உரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன்வளத்துக்கான ஆணையராக இருந்த மரியா டமனாகி 2011இல் முன்வைத்த சீர்திருத்தம், பல லட்சம் பேர் கையெழுத்திட்ட பிரசாரத்தின் துணையோடு, 2013 டிசம்பரில் 1380/2013 என்ற எண்ணுள்ள சட்டமாயிற்று. அதன் 15ஆம் பிரிவுதான் இந்தத் தடை. 2015இல் ஹெர்ரிங், கானாங்கெளுத்தி போன்ற மேல்மட்ட மீன்களில் தொடங்கி, படிப்படியாக மற்ற இனங்களுக்கும் விரிந்தது. பாதுகாக்கப்பட்ட இனங்களையும், விட்டால் பிழைக்கக்கூடியவை என்று அறிவியல் சான்றுடன் ஏற்கப்பட்டவற்றையும் கடலிலேயே விடலாம். தவிர்க்கவே முடியாத இடங்களில் ஆண்டுப் பிடிப்பில் 5 சதவீதம் வரை கொட்டுவதற்கு விலக்குப் பெறவும் வழி உண்டு.

கேள்வி: சட்டம் தெளிவாக இருக்கும்போது அது ஏன் பலிக்கவில்லை? மீனவர்களின் பேராசைதான் காரணமா?

பதில்: பேராசை என்று சொல்லிவிட்டால் வேறு எதையும் திருத்த வேண்டியதில்லை என்றாகிவிடும். உண்மையான காரணங்கள் இரண்டு.

முதலாவது, கலப்பு மீன்பிடியின் கணக்கு. ஒரு படகுக்கு ஹாடாக் ஒதுக்கீடு நிறைய இருக்கிறது, காட் ஒதுக்கீடு மிகக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே இடத்தில் மேய்கின்றன. பிடித்ததெல்லாம் கணக்கில் ஏறும் என்றால், காட் ஒதுக்கீடு தீர்ந்த நாளிலேயே அந்தப் படகு தொழிலை நிறுத்த வேண்டும், ஹாடாக் ஒதுக்கீடு பாதிகூடப் பயன்படாமல் கிடந்தாலும் சரி. இப்படி மற்ற எல்லாவற்றையும் முடக்கும் முட்டுக்கட்டை இனம் ஒன்று ஏறக்குறைய ஒவ்வொரு கடற்பகுதியிலும் இருக்கிறது. சட்டத்தை அப்படியே கடைப்பிடித்தால் ஆண்டின் நடுவிலேயே படகைக் கட்டிப்போட வேண்டியிருக்கும் என்ற நிலையில் இருக்கும் ஒரு படகுத் தலைவரிடம், கண்காணிப்பாளர் எவரும் இல்லாத நடுக்கடலில், நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது ஆட்சி நடத்தும் முறை ஆகாது. நாடுகள் தமக்குள் ஒதுக்கீட்டை மாற்றிக்கொள்ளலாம். ஓர் இனத்தின் ஒதுக்கீட்டில் 9 சதவீதம் வரை வேறோர் இனத்தின் மீனைக் கணக்கிடவும் சட்டம் இடம் தருகிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடல் காட், ஐரிஷ் கடல் வைட்டிங் போன்ற நலிந்த இனங்களுக்கு, குறிவைத்துப் பிடிக்காமல் தற்செயலாக அகப்படுவதற்கென்று மட்டும் ஒரு சிறு அளவை 2019ஆம் ஆண்டுக்கு அனுமதித்தார்கள். இவை நெருக்கடியைத் தணித்தன, தீர்க்கவில்லை.

இரண்டாவது காரணம் கண்காணிப்பு. துறைமுகத்தில் நின்று எடை போடும் அதிகாரிக்குக் கடலில் விழுந்த மீன் தெரியாது. ஆய்வாளர்கள் சில படகுகளில் ஏறி, வலையின் கடைசி இழுப்பில் சிறிய மீன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதைக் கரைக்கு வந்த மீன் விவரத்தோடு ஒப்பிடுகிறார்கள். வலையில் இருந்த குஞ்சு மீன் கணக்கில் காணாமல்போயிருப்பது இந்த ஒப்பீட்டில் திரும்பத் திரும்ப வெளிப்பட்டது. கோபன்ஹேகனில் உள்ள சர்வதேசக் கடலாய்வு மன்றத்தின் மதிப்பீடுகளும், கொட்டப்படும் மீனை இன்றும் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டிய நிலையில்தான் இருக்கின்றன.

எனக்கு மிகுந்த கவலை தருவது இதன் விளைவு. முன்பு கொட்டப்பட்ட மீனும் இனிக் கரைக்கு வரும் என்று நம்பி, பிடிப்பு வரம்புகளை அதற்கேற்ப உயர்த்தினார்கள். கொட்டுவது தொடர்ந்தால், உயர்த்திய வரம்பும் பிடிக்கப்படும், கொட்டுவதால் சாவதும் நடக்கும். மீன்குலத்துக்குத் தடை இல்லாத காலத்தைவிடக் கேடு அதிகமாகும். பாதி அமலான இந்தத் தடை, அமலாகாத தடையைவிட ஆபத்தானது என்று நான் கருதுவது இதனால்தான்.

கேள்வி: கேமரா வைத்தால் போதாதா?

பதில்: போதாது, ஆனால் அது இல்லாமல் முடியாது. டென்மார்க் 2008இலும் ஸ்காட்லாந்து அதற்கடுத்த ஆண்டிலும், விரும்பி முன்வந்த படகுகளில் இதைச் சோதித்துப் பார்த்தன. பட்டைக்கு மேலும் தளத்திலும் கேமராக்கள் பொருத்தப்பட்டன; பதிவேட்டில் எழுதியதையும் படத்தில் தெரிவதையும் கரையில் ஒப்பிட்டார்கள்; ஒத்துழைத்த படகுகளுக்குக் கூடுதல் ஒதுக்கீடு கிடைத்தது. அந்தக் கைமாறு முக்கியமானது. தம் வேலையிடத்தையும் சமயத்தில் வாழ்விடத்தையும் நாள் முழுவதும் படம் பிடிக்க ஒப்புக்கொள்பவர்களுக்கு அதனால் ஏதேனும் நன்மை இருக்க வேண்டாமா? 2023இல் திருத்தப்பட்ட கண்காணிப்புச் சட்டம், விதிமீறல் வாய்ப்பு அதிகம் என்று கருதப்படும், 18 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளில் 2028 முதல் கேமராவைக் கட்டாயமாக்குகிறது. தடை பிறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து வரும் கண் இது. தடையுடனேயே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: நார்வேயில் இத்தகைய தடை வெற்றி பெற்றதாகச் சொல்கிறார்களே, அங்கே என்ன வேறுபாடு?

பதில்: நார்வே 1987இல் காட், ஹாடாக் ஆகிய இரண்டுக்கு மட்டும் தடை விதித்தது, அதை ஏறக்குறைய எல்லா இனங்களுக்குமான கடமையாக்கியது 2009இல்தான். இடைப்பட்ட காலத்தில், குஞ்சு மீன் வலைக்குள் வராமல் தடுக்கும் ஏற்பாடுகளில் கவனம் செலுத்தியது. அளவு குறைந்த மீனின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டும் பகுதியை உடனே மூடி, படகுகளை வேறிடம் போகச் சொல்வது அவற்றில் ஒன்று. மடிக்கு முன்னால் கம்பிச் சட்டம் பொருத்தி, சிறியவற்றை வெளியேற விடுவது இன்னொன்று. ஒதுக்கீட்டுக்கு மேல் அகப்பட்டதைக் கரை சேர்த்தால், அதன் மதிப்பு மீனவர்களின் விற்பனைச் சங்கத்துக்குப் போகும். கொண்டுவந்த செலவுக்காக மீனவருக்கு 20 சதவீதம் வரை கிடைக்கும். அதற்காகவே தேடிப் பிடிக்கத் தூண்டாத, ஆனால் எறிந்துவிடவும் தூண்டாத தொகை அது. நார்வேக்கு வடக்கே உள்ள பாரென்ட்ஸ் கடலில் இனங்கள் குறைவு, கலப்பு குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. வடகடலுக்கு அந்த வசதி இல்லை.

ஆயினும் வலையைத் திருத்துவது எங்கும் சாத்தியம். வழக்கமான சாய்சதுரக் கண்ணிகள், மடி நிறைந்து இழுவிசை கூடும்போது நீளவாட்டில் இழுபட்டு மூடிக்கொள்கின்றன. விதிப்படி அளவுள்ள கண்ணியிலும் குஞ்சு மீன் தப்ப முடிவதில்லை. அதே வலையைத் தொண்ணூறு பாகை திருப்பித் தைத்தால் கண்ணி திறந்தே இருக்கும். பால்டிக் கடலில் இந்த வலையும், மடியின் மேற்புறத்தில் சதுரக் கண்ணிச் சாளரம் வைத்த வலையும் விதிகளிலேயே இடம்பெற்றன. எந்தச் சிறு மீனைக் கொண்டுவருவது என்று வாதிடுவதைவிட, அது வலையில் ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கே நான் பணத்தையும் முயற்சியையும் செலவிடச் சொல்வேன்.

கேள்வி: உயிரோடு இருப்பவற்றைத் திருப்பி விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

பதில்: இனத்தைப் பொறுத்தது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் காட் மீனின் காற்றுப்பை விரிந்து, அது பெரும்பாலும் செத்தே போகிறது. வளர்ந்த பிளைஸ் மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. விரைவில் விட்டால் ஓரளவு பிழைக்கும். கூண்டு வைத்துப் பிடிக்கப்படும் நார்வே சிங்கிறாலுக்குப் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக உண்டு.

கேள்வி: கரைக்கு வரும் சிறிய மீனை ஏழைகளுக்கு உணவாகக் கொடுத்துவிடலாமே?

பதில்: நல்லெண்ணத்தில் எழும் கேள்வி, ஆனால் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. நிர்ணயித்த நீளத்துக்குக் குறைவான மீனை நேரடியாக மனித உணவாக்கக் கூடாது. மீன்தூள், மீனெண்ணெய், செல்லப்பிராணி உணவு, மருந்து, அழகுப்பொருள் போன்றவற்றுக்கே பயன்படுத்தலாம். உணவாக்க அனுமதித்தால் குஞ்சு மீனுக்கென்று ஒரு சந்தை உருவாகிவிடும் என்பது காரணம்; அதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்தச் சிறிய மீனுக்குக் கிடைக்கும் விலை மிகக் குறைவு, துறைமுகத்தில் சேமித்து ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடும் பல இடங்களில் போதாது. படகில் பனிக்கட்டியையும் இடத்தையும் கொடுத்து அதைக் கொண்டுவருபவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் லாபமில்லாத உழைப்பு மட்டுமே. சரியான நீளமுள்ள மீனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதை வழக்கம்போல் ஏலத்தில் விற்கலாம், ஒதுக்கீட்டில் அது கழிக்கப்படும்.