ராத்திரி நன்றாகத் தின்ற கிடா காலையில் செத்துக் கிடந்தால் விஷம்தானா?

உங்கள் கிடா இப்படிச் செத்துக் கிடந்தது, பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்திருப்பாரோ என்று சந்தேகம் என எழுதியிருக்கிறீர்கள். சண்டைக்குப் போகும் முன் ஒன்று யோசியுங்கள். செத்தது இருப்பதிலேயே கொழுத்த ஆடா? முந்தின நாள் கல்யாண வீட்டு மிச்சச் சோறோ, அரிசியோ வழக்கத்தைவிட நிறையக் கிடைத்ததா? ஆமாம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது துள்ளுமாரி என்ற குடல் நோய்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டிலும் ஆடு உண்டு. இங்கே ஆடு திடீரென்று செத்தால் முதல் பேச்சு பாம்பு, அடுத்தது விஷம். ஆனால் துள்ளுமாரிக்கு வெளி ஆள் தேவையில்லை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி நல்ல ஆட்டின் குடலிலேயே கொஞ்சம் இருக்கும். பழகாத மாவுத்தீனி ஒரேயடியாகப் போனால், செரிக்காத மாவு சிறுகுடல் வரை இறங்கி, கிருமி கட்டுக்கடங்காமல் பெருகும். அது விடும் எப்சிலான் நச்சு இரத்தத்தில் ஏறி மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். துள்ளி விழுந்து, காலை உதைத்து, கழுத்து பின்னால் வளைந்து, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சில வெள்ளாடுகள் கழிந்து கழிந்து, ஓரிரு நாள் கழித்துச் சாகும். கொழுத்தது போய் மெலிந்தது பிழைப்பதைப் பார்த்துக் கண்ணேறு என்பார்கள். நன்றாகத் தின்றதுதான் காரணம்.

நம் மாவட்டத்தில் குழப்புவது மரச்சீனியும் (மரவள்ளி) ரப்பரும். இரண்டின் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதைத் தின்ற ஆடு பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலேயே மூச்சுத் திணறி விழும். இரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். கால்நடை மருத்துவரைச் சீக்கிரம் கூப்பிட்டு உடற்கூறு பார்க்கச் சொல்லுங்கள். துள்ளுமாரியில் சிறுநீரகம் குழைந்திருக்கும்; ஆனால் தாமதித்தால் எந்த ஆட்டின் சிறுநீரகமும் குழைந்துவிடும், வித்தியாசம் தெரியாது. மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்திருந்தால் மட்டும் அறுக்கவே கூடாது, அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம்.

சரி, மீதி ஆடுகளுக்கு? தானியத்தீனியை உடனே குறையுங்கள், தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். குட்டிக்கு 3 மாத வாக்கில் முதல் ஊசி, 2 முதல் 4 வாரத்தில் இரண்டாவது. நிறையப் பேர் முதல் ஊசியோடு விட்டுவிடுகிறார்கள், அது மட்டும் போதாது. அப்புறம் வருடாவருடம், ஜூன் மழைக்கு முன்பே. வெள்ளாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் இறங்கும் என்பதால் 6 மாதத்துக்கு ஒருமுறை போடலாமா என்றும் கேளுங்கள். 

செத்த கிடாவைக் கறிக்குக் கொடுக்காதீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.