கோடில்லாத இசைக்குறிகள்

வணக்கம். எங்கள் பங்கின் பாடகர் குழுவில் பல ஆண்டுகளாகப் பாடுகிறேன். ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரியும். சுவிட்சர்லாந்தில் சாங்ட் கேலன் மடத்து நூலகம் வைத்திருக்கும் ஒரு பழைய லத்தீன் பாடல் சுவடியை இணையத்தில் பார்த்தேன். விவிலியத்தின் திருப்பாடல் (சங்கீதம்) வரிகளுக்கு மேலே சின்னச் சின்னக் கீறல்கள்; ஒரு கோடுகூட இல்லை. எந்தச் சுரம் என்றே காட்டாத குறிப்பால் என்ன பயன்? அந்தக் காலத்தில் இவ்வளவுதான் தெரிந்திருந்ததா?
எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது அநேகமாக 359ஆம் எண் சுவடி. 920களில் எழுதப்பட்டது. இசைக்குறியோடு முழுதாகக் கிடைத்த நூல்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. திருப்பலி வாசகங்களுக்கு இடையே தனிப்பாடகர் பாடுபவை அதில் உள்ளன. பெரும்பாலும் திருப்பாடல் வரிகள்தாம்.

‘இவ்வளவுதான் தெரிந்திருந்ததா’ என்பதை நான் ஏற்க மாட்டேன். புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த விதிப்படி 150 திருப்பாடல்களையும் வாரந்தோறும் பாடி முடித்தவர்கள் அவர்கள். மெட்டு நாவில் இருந்தது. நழுவக்கூடியது வேறு: எந்த அசையில் நிற்பது, எங்கே விரைவது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீறலுக்குப் பக்கத்தில் பொடியாக ‘சி’ (c) என்ற லத்தீன் எழுத்து இருந்தால் விரைவு; இது சுரத்தின் பெயர் அல்ல. ‘டி’ (t) இருந்தால் நிறுத்தம். கீறலின் தலையில் சிறு குறுக்குக்கோடு இருந்தால் அந்தச் சுரத்தை நீட்ட வேண்டும். மேலே போ, கீழே வா என்று சொல்லும் எழுத்துகளும் உண்டு. எவ்வளவு என்பது மட்டும் இராது. அந்த மடத்தின் கவிஞரான நோட்கர் (மறைவு 912) இந்த எழுத்துகளை விளக்கி ஒரு கடிதமே எழுதியிருக்கிறார்.

கோடு வந்தது 11ஆம் நூற்றாண்டில், அரெஸ்ஸோ நகரத்துக் குய்தோ என்ற துறவியால். அவர் கவலை சிறுவர்களைப் பற்றியது: பத்தாண்டு கற்றும், ஆசிரியர் இல்லாமல் ஒரு புதுப் பாட்டைத் தாமாகப் பாட முடியவில்லை. ‘எஃப்’ சுரத்துக்குச் சிவப்புக் கோடு, ‘சி’ சுரத்துக்கு மஞ்சள் கோடு போட்டார். ஓரிரு ஆண்டில் பாடகனாக்கிவிடுவேன் என்றார். பெரிய காரியம்தான். ஆனால் கோடு பரவப் பரவ, அந்தப் பொடி எழுத்துகளும் நுணுக்கக் குறிகளும் மறைந்தன. பின்னால் வந்த சதுரக் குறிகளில் எல்லாச் சுரமும் ஒரே எடையில் நிற்கும். இதை முன்னேற்றம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பிறகு கோடில்லாதவற்றை எப்படிப் படித்தார்கள் என்று கேட்பீர்கள். அதே பாடல்கள் பிற்காலச் சுவடிகளில் கோட்டோடு இருக்கின்றன, ஒப்பிட்டார்கள். 1847இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் கண்டெடுத்த 11ஆம் நூற்றாண்டுச் சுவடியில் கீறலும், சுரத்தைக் காட்டும் எழுத்தும் சேர்ந்தே இருந்தன. அது பெரிய துணையாயிற்று.

பிரான்சின் சொலேம் மடம் 1979இல் வெளியிட்ட ‘கிராதுவாலே திரிப்ளெக்ஸ்’ என்ற திருப்பலிப் பாடல் நூல் கிடைத்தால் பாருங்கள். சதுரக் குறிக்கு மேலே கறுப்பில் லான் நகரச் சுவடியின் கீறல்கள், கீழே சிவப்பில் சாங்ட் கேலன் கீறல்கள். சதுரக் குறியை மட்டும் வைத்து ஒருமுறை பாடுங்கள். பிறகு சிவப்பையும் கவனித்துப் பாடுங்கள். எங்கே வேகம் மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.