வன்னியில் ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல், கோப்புப் பகிர்வுச் சேர்வர் வைப்பதென்றால் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

கிளிநொச்சியில் தலைமை அலுவலகம், முல்லைத்தீவில் ஒரு கிளை, நாற்பது பேர், கோப்புப் பகிர்வு மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட்டும் மின்னஞ்சலும் சொந்தச் சேர்வரில் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த லினக்ஸ் போடுவது என்று யோசிக்க முதல் கரண்டையும் மின்னலையும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் நான் பார்க்கும் சேர்வர்கள் பெரும்பாலும் இந்த இரண்டால்தான் பழுதாகின்றன.

கரண்ட் போனால் சிறிது நேரம் பற்றரியில் ஓடவிடும் யூபிஎஸ் எல்லா இடத்திலும் இருக்கும். அதோடு வரும் யூஎஸ்பி வயரைச் சேர்வரில் கொழுவிய இடங்கள்தான் குறைவு. அது கட்டுப் பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அந்த வயர் இல்லாவிட்டால் பற்றரி முடியப்போவது சேர்வருக்குத் தெரியாது, தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். வயரைக் கொழுவி, 'நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ்' என்ற மென்பொருளை நிறுவி, பற்றரி குறைந்ததும் சேர்வர் தானாகவே முறைப்படி அணையும்படி வையுங்கள். பிறகு வேலையில்லாத ஒரு பின்னேரம் யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அது உண்மையில் அணைகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பற்றரிக்கு எங்கள் வெக்கை ஆகாது. ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கூரைக் களஞ்சிய அறைக்குள் வைக்க வேண்டாம்.

ஐப்பசியில் பின்னேர இடி தொடங்கினால் அடுத்த கவலை, கணினிகளை நெட்வேர்க்கில் இணைக்கும் சுவிட்ச். ஒரே வளவுக்குள் இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கிடையே செப்பு நெட்வேர்க் வயரை வெளியால் இழுத்திருப்பார்கள். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு. கிட்டடியில் எங்காவது மின்னல் விழுந்தால் இரண்டுக்கும் இடையில் எழும் மின்னழுத்தம் அந்த வயர் வழியாகத்தான் பாயும்; இரு பக்கப் போர்ட்டுகளும் கருகும். கட்டடத்துக்குக் கட்டடம், ஒளியால் தரவைக் கடத்தும் பைபர் கேபிள் மட்டுமே போடுங்கள். உள்ளே உலோகக் கம்பியோ கவசமோ இல்லாத வகையாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் போட்டும் பயனில்லை.

மின்னஞ்சலை நேராகவே சொல்கிறேன், நாற்பது பேருக்குச் சொந்தச் சேர்வர் வேண்டாம். ரிவேர்ஸ் டிஎன்எஸ் (ஐபி முகவரி எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் பதிவு) உங்கள் கையில் இல்லாத இணைப்பிலிருந்து அனுப்பும் கடிதங்களைப் பெரிய சேவைகள் ஸ்பாமில் போடும், அல்லது திருப்பி அனுப்பும். வாடகைச் சேவை எடுத்து, கடிதம் உண்மையில் உங்கள் பெயரில்தான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைனில் பதியுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்.

நெக்ஸ்ட்கிளவுட் உங்களிடமே இருக்கட்டும். சேர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை அலுவலகத்துக்குள்ளேயே ஒழுங்காக வைத்தால் இன்டர்நெட் போனாலும் அலுவலகத்துக்குள் கோப்புகள் கிடைக்கும். தலைமை அலுவலகத்துக்கு மட்டும் நிலையான பொது ஐபி வாங்கினால் போதும். முல்லைத்தீவுக் கிளை 4ஜியில் இருந்தாலும் வயர்கார்ட் என்ற விபிஎன் (இன்டர்நெட் வழியாகப் போகும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக உள்ளே வரலாம். கிளைப் பக்கத்தில், இணைப்பு அறாமலிருக்க இடைக்கிடை சிறு பொதி அனுப்பும் கீப்அலைவை 25 செக்கனாக வையுங்கள்.

பேக்கப்பில் தரவுக் கோப்புறை, தரவுத்தளம், அமைப்பு விவரங்கள் உள்ள கொன்பிக் கோப்புறை மூன்றும் ஒரே நேரத்து நிலையில் இருக்க வேண்டும். அதனால், பயனர்கள் எதையும் மாற்ற முடியாதபடி நிறுத்திவைக்கும் மெயின்டனன்ஸ் மோடைப் போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு பிரதி முல்லைத்தீவில் இருக்கட்டும். அதை ஒரு பழைய கணினியில் முழுதாக மீட்டு, யாராவது ஒருவரின் கோப்பைத் திறந்து காட்டும்வரை உங்களிடம் பேக்கப் இருப்பதாக மேலாளரிடம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பதிப்பு உயர்வுக்கு முன்னரும் இதே வேலைதான். நெக்ஸ்ட்கிளவுட்டில் பெரிய பதிப்புகளைத் தாண்டிப் பாய முடியாது. 28இலிருந்து 30க்கு என்றால் 29 வழியாகத்தான் போகவேண்டும்.