வாரண்டியும் கியாரண்டியும்

கேள்வி: புதிதாக வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 'அஞ்சு வருஷம் கியாரண்டி' என்றார் கடைக்காரர். அட்டையில் '36 + 24 மாதம் வாரண்டி' என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பிறப்பில் ஒன்றுதான். பிராங்க் இனத்தாரின் ஜெர்மானிய மொழியில் 'பொறுப்பேற்பவர், காப்பவர்' என்ற பொருளில் இருந்த சொல் பிரெஞ்சுக்குள் போனது. வடக்கே நார்மண்டிப் பக்கம் அதன் 'வ' அப்படியே நின்றது. பாரிஸ் வட்டாரத்தில் 'க' ஆகத் திரிந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் வடக்கத்தி வடிவம் ஆங்கிலத்தில் கலந்து வாரண்டி ஆயிற்று. 'க' வடிவம் வெகுகாலம் கழித்து, 17ஆம் நூற்றாண்டில்தான் கியாரண்டியாக நுழைந்தது. வார்டன், கார்டியன் என்பவையும் இப்படிப் பிரிந்த ஜோடிதான். ஆங்கிலேயரின் வில்லியம் பிரெஞ்சில் கியோம் ஆனதும் இதே திரிபால். நம் பேச்சில் புழங்கும் பிடிவாரண்டும் இந்தக் குடும்பம்தான்.

கடைத்தெருவில் கியாரண்டி என்றால் பொருளையே மாற்றித் தருவது, வாரண்டி என்றால் இலவசமாகப் பழுது பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டமும் அப்படி வரையறுக்கவில்லை. ஆகவே சொல்லை நம்பாமல் அட்டையின் நிபந்தனைகளைப் படியுங்கள். பேட்டரியில் 36 + 24 என்பதற்கு வழக்கமான பொருள் இது: முதல் 36 மாதத்துக்குள் செத்துப்போனால் இலவசமாக வேறு பேட்டரி, அடுத்த 24 மாதத்தில் என்றால் புதிய பேட்டரியின் விலையில் தள்ளுபடி மட்டும். நாள் ஆக ஆகத் தள்ளுபடி குறையும். மாற்றித் தந்த பேட்டரிக்கும் பெரும்பாலும் பழைய பில் தேதியிலிருந்தே கணக்கு ஓடும்.

கோரிக்கை எங்கே அடிபடுகிறது என்றால், பில்லில் சீரியல் எண் இல்லாதபோது, அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விடுபட்டபோது, டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியது தெரியவரும்போது. 'அஞ்சு வருஷம்' என்று வாயால் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்கிவிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் வாரண்டிக்கு இன்னும் குறுகிய பொருள். ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்குத் துணையாக நிற்கும் உறுதி அது. அதை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம், சரக்கையே வேண்டாமென்று தள்ள முடியாது. தள்ளும் உரிமை 'நிபந்தனை', அதாவது அந்த முக்கிய நோக்கத்துக்கே இன்றியமையாத உறுதி, மீறப்பட்டால்தான்.

கேள்வி: நண்பரின் வங்கிக் கடனுக்குப் போடும் கியாரண்டி கையெழுத்தும் இதே வகைதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, அது மிகக் கனமானது. பேட்டரி விஷயத்தில் விற்பவர் தம் பொருளுக்குத் தாமே பொறுப்பேற்கிறார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்லும் கியாரண்டியில் மூன்று பேர்: கடன் கொடுத்தவர், வாங்கியவர், ஜாமீன்தாரர். அடுத்தவர் கட்டத் தவறினால் நான் கட்டுகிறேன் என்பதுதான் வாக்கு. 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. நண்பர் மேல் முதலில் வழக்குப் போட்டுவிட்டுத்தான் வங்கி உங்களிடம் வர வேண்டும் என்றில்லை. தவணை நின்றதும் நேரே வரலாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதலாம் என்ற விதிவிலக்கைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: உங்கள் பொறுப்பு இத்தனை ரூபாய் வரைதான் என்ற உச்சவரம்பைப் பத்திரத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பத்திரத்தின் நகலையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.