படப் புத்தகத்தில் இரட்சிப்பின் கதை: ஞாயிறு பள்ளி டீச்சரிடம் கேளுங்கள்

மன்னார்குடி: டீச்சர், நாலு வயசுப் பையனுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பேரைப் பார்க்காதீங்கம்மா, உள்ளே புரட்டிப் பாருங்க. பக்கத்துக்கு ஒரு படம், ரெண்டு வரி போதும். படைப்பு, ஏதேன், பெத்லகேம், சிலுவை, உயிர்த்தெழுதல் எல்லாம் வரிசையாக இருக்கணும். நோவாவின் பேழையும் கோலியாத்தும் மட்டும் இருந்தால் அது இரட்சிப்பின் கதை ஆகாது. முக்கியமாக, சிலுவைப் பக்கத்தோடு புத்தகத்தை மூடாதீங்க. நேரம் இல்லையென்றால் அன்றைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

திருவாரூர்: காணாமற்போன ஆட்டுப் படத்தில் வெளிநாட்டுப் புல்வெளி. பிள்ளைகளுக்கு ஒட்டவே இல்லை.

படத்தைக் கொஞ்சம் பிந்திக் காட்டுங்க. அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டி வருகிற கீதாரிகள் நம்ம வயலில் ஆட்டுக்கிடை போடுறாங்களே, அதில் ஆரம்பிங்க. "ராத்திரி எண்ணினா ஒண்ணு குறையுது, கீதாரி என்ன செய்வார்?" என்று கேட்டால் வகுப்பே எழுந்து நிற்கும். வாய்க்கால்ல விழுந்திருக்கும், நாய் கடிச்சிருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்லும். சொல்லி ஓயட்டும். அப்புறம் லூக்கா 15-க்கு வாங்க. ஆட்டைத் தோளில் போட்டு வருகிற படத்தில் மேய்ப்பரின் முகத்தை விரலால் தொட்டுக் காட்டுங்க. ஓடிப்போன ஆட்டை அவர் அடிக்கவில்லை, சந்தோஷப்படுகிறார். அதைப் பார்த்த பிள்ளைக்கு மனந்திரும்புதல் பற்றித் தனியாகப் பிரசங்கம் வேண்டாம். ஆனால் யோர்தானைக் காவிரி ஆக்கிவிடாதீங்க. கதை நடந்த ஊர் நடந்த ஊராகவே இருக்கட்டும்.

கும்பகோணம்: எழுத்தே இல்லாமல், பக்கத்துக்கு ஒரு நிறம் காட்டி இரட்சிப்பைச் சொல்கிற நிறப் புத்தகம் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், கறுப்புப் பக்கத்தை எடுத்துவிட்டு. 1866-ல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியார் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று நிறத்தில் இதை விளக்கினார். பொன்னிறம் 1875-ல் டி. எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் சேர்த்தது, பச்சை பிறகு வந்தது. பாவத்துக்குக் கறுப்பு என்பதுதான் எனக்கு ஆகாது.

நாகப்பட்டினம்: டீச்சர், கறுப்பு என்றால் இருட்டு. தோல் நிறத்தை யார் சொன்னார்கள்?

அண்ணே, அது உங்களுக்குத் தெரியும். ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியுமா? "கருப்பி" என்று வீட்டிலேயே கேலி கேட்டு வளர்கிற பிள்ளை அந்தப் பக்கத்தின்மேல் தன் கையை வைத்துப் பார்க்கும். பின்னால் வருகிற வெள்ளைப் பக்கம்தான் சுத்தம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். ஏசாயா 1:18-ஐப் பாருங்க, அங்கே பாவத்தின் நிறம் சிவப்பு.

நாகப்பட்டினம்: யோவான் இருளைப் பாவத்தோடு சேர்த்துத்தானே பேசுகிறார்?

பேசுகிறார். அதற்கு அறை விளக்கை அணைத்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்க. இருட்டு புரியும், ஒரு பிள்ளையும் கூனிக்குறுகாது.

மாயவரம்: நாங்கள் அப்படித்தானே படித்தோம், என்ன கெட்டுப்போனோம்?

கேலிபட்ட பிள்ளைகள் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

தரங்கம்பாடி: ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

நல்லா சொல்லலாம். 1706-ல் வந்து இறங்கினார். புதிய ஏற்பாடு தமிழில் 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது. அவர் கட்டிய 1718-ஆம் ஆண்டுக் கோயிலுக்கே கூட்டிப்போய்க் காட்டுங்க.

பட்டுக்கோட்டை: எந்தப் புத்தகம் வாங்கலாம்?

மன்னார்குடிக்குச் சொன்னதுதான்.

திருத்துறைப்பூண்டி: நல்ல படப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.

மேலே படிங்க. சிலுவையோடு மூடாதீங்க, மறுபடியும் சொல்கிறேன்.

பேராவூரணி: கடைசியில் "இயேசுவை ஏற்றுக்கொள்பவர் கைதூக்குங்கள்" எனலாமா?

வேண்டாம். பக்கத்துப் பிள்ளை தூக்கினால் எல்லாம் தூக்கும். வேறு மதத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் முதலில் பெற்றோரிடம் சொல்லி, சம்மதம் வாங்கியபின் உட்கார வையுங்க.

வேளாங்கண்ணி: ஞானஸ்நானம் எந்த வயதில்?

உங்கள் பங்குச் சாமியாரைக் கேளுங்க.