450 வாட் என்று எழுதியிருந்தால் 450 வாட்டா?

கே: கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) இருக்கிறது. பிராசஸர் ஐ5 10400. ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன். கார்டுக்கு 170, பிராசஸருக்கு 65, மொத்தம் 235 வாட். தாராளமாகப் போதும்தானே சார்? ஸ்டிக்கர் படம் இணைத்திருக்கிறேன்.

ப: போதாது. மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் 450-ஐ விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 3.3 வோல்ட்டுக்கு 22 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 32, 12 வோல்ட்டுக்கு 16 என்று போட்டிருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் கரண்ட் இழுப்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டில்தான். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். உங்களுக்கு வேண்டிய 235-க்கே அது எட்டவில்லை.

மீதி எங்கே போனது? 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் முடங்கிக் கிடக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களுக்கு அது தேவைப்பட்டது, இன்றைய மதர்போர்டுகள் அதை அதிகம் சீண்டுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், மூன்றையும் முழுசாகக் கூட்டினாலும் 425 வாட்தான் வருகிறது!

உங்கள் 235-உம் குறைச்சலான கணக்கு. ஐ5 10400-க்கு 65 வாட் என்பது பெயரளவில். வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போவில் ஓடும்போது 100-ஐத் தாண்டும். கார்டும் சில மில்லி செகண்டுகளுக்கு 170-ஐத் தாண்டி எகிறும். இந்தக் கார்டுக்கு அதன் கம்பெனியான என்விடியா கேட்பது 550 வாட் சப்ளை. நல்ல தயாரிப்பு என்றால் 450 வாட்டிலேயே 12 வோல்ட்டுக்கு 35 ஆம்பியருக்கு மேல் கிடைக்கும். ஆனாலும் இந்தக் கார்டுக்கு நான் 550-தான் சொல்வேன்.

ஒன்று கவனியுங்கள். சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட் இரண்டு வரிசையாக இருக்கும். இரண்டையும் நீங்களே கூட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இரண்டுக்கும் சேர்த்துப் போட்டிருக்கும் மொத்த வாட்தான் கணக்கு. அது போடவே இல்லை என்றால் அந்த ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

கே: என் சப்ளையில் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கும் 6 பின் வயரே இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தார். போடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட். 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை கேட்கலாம், 8 பின் என்றால் 150. ஹார்ட் டிஸ்க்குக்காகச் செய்த அந்தக் கனெக்டர் முதலில் சூடாகும், பிறகு பிளாஸ்டிக் இளகும், கடைசியில் கருகும். இரண்டு தனித்தனி மோலெக்ஸ் (பழைய நாலு பின்) வயரிலிருந்து ஒரு 6 பின் எடுப்பது அவசரத்துக்குப் பரவாயில்லை, அதுவும் 12 வோல்ட்டில் ஆம்பியர் மிச்சம் இருந்தால் மட்டும். செய்த கம்பெனியே 6 பின் வைக்கவில்லை என்றால், அதன் பலம் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கே: சப்ளை மாற்ற இப்போது பணம் இல்லை. என்னிடம் இருப்பது வேறு சப்ளை, அதில் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர். எந்தக் கார்டு போடலாம்?

ப: தனி வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 பாருங்கள். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். 65 வாட் பிராசஸர், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும், 12-ஐ 20-ஆல் பெருக்கி வரும் 240 வாட்டுக்குள் அடங்கும். வாங்கும்போது கார்டின் ஓரத்தைப் பாருங்கள்; அதே 1650-இல் 6 பின் வைத்த மாடல்களும் உண்டு.

கே: சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றியதும் 'சப்ளை நல்லா இருக்கு' என்றார் மெக்கானிக். நம்பலாமா?

ப: சப்ளை ஆன் ஆகிறது என்பது வரை நம்பலாம். லோடு தாங்குமா என்பது அதில் தெரியாது. கேம் ஓடும்போது மோலெக்ஸின் மஞ்சள், கறுப்பு முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். 11.5-க்கு இறங்கிவிட்டாலே எனக்கு உறுத்தும். மென்பொருள் காட்டும் வோல்ட்டேஜை இதற்கு நம்பாதீர்கள். கேம் நடுவில் நீலத்திரைகூட வராமல் சட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் சப்ளை மேல்தான். கருகல் வாடை வந்தால் சோதனையெல்லாம் போதும், சுவிட்ச்சை அணைத்துவிடுங்கள். திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கே: '80 பிளஸ்' முத்திரை இருந்தால் பாதுகாப்பானதா?

ப: அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை. ஷார்ட் ஆனால் தானே அணையுமா என்பதை அது சொல்லாது. பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் பெரும்பாலும் பழைய வடிவமைப்பு. நம் ஊரில் அது 230-லேயே இருக்கட்டும். குழந்தைகள் கை பட்டு 115-க்குப் போனால் 'டப்' என்ற சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

கே: புது சப்ளை போட்டபின், கேம் ஆடும்போது கரண்ட் போனால் 600 விஏ யுபிஎஸ் உடனே அணைந்துவிடுகிறது. சப்ளையில் கோளாறா?

ப: பெரும்பாலும் இல்லை. விஏ என்பது வாட் அல்ல; 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தரும், மானிட்டரும் அதிலேயே இருக்கும். போதாததற்கு, விலை குறைந்த யுபிஎஸ் தரும் சதுர அலை, ஆக்டிவ் பிஎஃப்சி (மெயினிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள சில சப்ளைகளுக்கு ஒத்துவராது. கேம் ஓடாமல், டெஸ்க்டாப்பில் சும்மா நிற்கும்போது ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள். அப்போது தாங்கினால் லோடு அதிகம் என்று அர்த்தம். அப்போதும் அணைந்தால், பேட்டரி பழசாக இல்லாத பட்சத்தில், மெயின் கரண்ட் போலவே வளைவான அலை தரும் சைன் வேவ் யுபிஎஸ்தான் வழி.