வடிகட்டியில் சிக்காதது எது?

கேள்வி: ஃபுகுஷிமா அணுஉலை நீரை வடிகட்டித்தானே கடலில் விடுகிறார்கள்? பிறகு மீனைச் சாப்பிட ஏன் பயப்பட வேண்டும்?

பதில்: வடிகட்டியில் சிக்காதது டிரிட்டியம். ஹைட்ரஜனின் கனமான, கதிரியக்கமுள்ள வடிவமான அது நீர் மூலக்கூறின் பகுதியாகவே இருக்கிறது; அதைப் பிரிப்பது நீரிலிருந்து நீரையே பிரிக்கும் வேலை. சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருள்களை வடிகட்டியின் உறிஞ்சிகள் பிடித்துவிடும். ஆனால் முதல் சுற்றிலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை: தொட்டிகளில் இருந்த நீரில் பாதிக்கு மேல், கடலில் விடுவதற்கான வரம்பைத் தாண்டியே நின்றது. அதை மறுபடி வடிகட்டியாக வேண்டும். கடைசியில் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கீழே டிரிட்டியம் இறங்கும்வரை கடல்நீர் கலந்து, 1 கிலோமீட்டர் சுரங்கம் வழியே 2023 ஆகஸ்ட் முதல் வெளியேற்றுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10,000. உடலில் புகும் டிரிட்டிய நீரில் பாதி சுமார் 10 நாளில் வெளியேறிவிடும்.

என் கவலை சீசியம்-137 மீதுதான். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 30 ஆண்டு. பொட்டாசியத்தைப் போலவே நடந்துகொள்வதால் மீனின் சதையில் போய்ச் சேரும். 2011 விபத்தில் கசிந்தது உலையின் துறைமுகச் சேற்றில் இன்னும் படிந்திருக்கிறது. 2023 மே மாதம் அங்கே பிடித்த ஒரு பாறைமீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல். ஜப்பானிய வரம்போ 100. அத்தகைய மீன் வெளியேறாதிருக்கத் துறைமுக வாயிலில் வலை கட்டியிருக்கிறார்கள். மீனை வாங்கும்போது கேட்க வேண்டியது சீசியம் சோதனை முடிவைத்தான்.